காப்பர் டி போட்டவளின் பெயரைச் சொன்னேன்

இதில் வரும் பெயர்கள் எதுவும் உண்மைப் பெயர் இல்லை. ஊரின் பெயரையும் சொல்ல மாட்டேன். தென்காசியிலிருந்து வடகரைக்குப் போகிற வழியில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இவ்வளவு ஒளிக்கிறேன் என்பது படித்தால் தெரியும்.

முப்பத்தொரு வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆபீஸ் கணக்கில் வி.எச்.என்., ஊர்க் கணக்கில் நர்ஸம்மா. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் நல்ல கதையாக எழுதிக் கொடுத்தார்கள். ஒருத்தி ஆட்டோவில் பிரசவம் பார்த்ததை எழுதினாள். இன்னொருத்தி பாம்பு கடித்தவரைக் காப்பாற்றியதை எழுதினாள். அப்படி என்னிடமும் நாலைந்து கதை உண்டு. அதையெல்லாம் எழுதி என்ன ஆகப் போகிறது? நான் கெடுத்ததை எழுதினால்தான் உங்களுக்கு உபயோகம்.

எனக்கு வாய் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் தெரு முழுக்கக் குசலம் விசாரித்துவிடுவேன். அந்த வாயால்தான் பெண்கள் என்னிடம் வந்து மனம்விட்டுப் பேசினார்கள். கெட்டதும் அதே வாயால்தான்.

1. கதவைச் சாத்தினாள்

புதன்கிழமை தடுப்பூசி நாள், சப்-சென்டரில், அதாவது ஊர்த் துணை சுகாதார நிலையத்தில், நிற்க இடம் இருக்காது. மாரிச்செல்வி வியாழக்கிழமை மத்தியானமாகப் பார்த்து வந்தாள். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. உள்ளே வந்ததும் திரும்பி நின்று கதவைச் சாத்தினாள்.

"என்ன ஏட்டி, கதவச் சாத்துத? என்னைய அடிக்கப் போறியா?" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நாலு தெரு நடந்து வந்ததற்கே அப்படி வாங்கியது.

அவளை எனக்கு ஏற்கெனவே தெரியும். முதல் பிரசவத்தின்போதுதான் அவளுக்கு இதய வால்வு சுருங்கியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் நடந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்து வந்ததே பெரிய காரியம். வால்வை பலூன் வைத்து விரித்துவிடுவார்கள், அது முடிந்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை அடுத்த பிள்ளை கூடவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் புருஷன் சுடலைமணி ராணுவத்தில் இருந்தான். அவன் அடுத்த லீவில் வந்துதான் பலூன் போடக் கூட்டிப் போக வேண்டும். அதற்கு எட்டு மாதமோ பத்து மாதமோ ஆகும்.

"அதுவரைக்கும் எனக்கு நிக்கக் கூடாது சிஸ்டர். நின்னா நான் செத்துருவேன்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. ஆனா பொறவு எனக்கு இன்னொரு புள்ள வேணும். குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேசன் வேண்டாம்" என்றாள்.

இவ்வளவு தெளிவாக வந்து கேட்கிற பெண் எங்களுக்கு நூறில் ஒன்று. நான் டிரேயை எடுத்து மேஜையில் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். காண்டம் புருஷன் கையில் இருக்கிற விஷயம். தினம் போடுகிற மாத்திரை அவள் நெஞ்சுக்கு ஆகாது. மூன்று மாத ஊசி அவளுக்குப் போடலாம், ஆனால் தேதி தவறக் கூடாது. கையில் தோலுக்கடியில் வைக்கிற குச்சி அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. மிச்சம் கர்ப்பப்பைக்குள் வைக்கிற காப்பர் டி.

"ஊசின்னா மூணு மாசத்துக்கு ஒருக்க எங்க அத்த கண்ணுல மண்ணத் தூவிட்டு வரணும். நடக்காது சிஸ்டர்" என்றாள். காப்பர் டி மாதிரியைக் கையில் வாங்கி, குழந்தை பிடுங்காமல் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "இம்புட்டுதானா? இதுக்கா இந்தப் பயம் பயப்படுதாவ? வேணும்னா எடுத்துக்கிடலாம்லா?"

"எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். எடுத்த மறுமாசமே நிக்கும்" என்றேன்.

"அப்ப இதுதான்" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் அவள் ஃபைலைக் காட்டி, போடலாம் என்று எழுதி வாங்கினேன். அடுத்த வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில், எங்கள் பேச்சில் பி.எச்.சி.யில், லேடி டாக்டர் போட்டுவிட்டார். குழந்தைக்கு ஊசி போடப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அரை மணி நேரம் படுத்துவிட்டு எழுந்து புடவையைச் சரி செய்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், யார்கிட்டயும் சொல்லிராதிய. அவுகளுக்குத் தெரியும், போன்ல சொல்லிட்டேன், சரின்னுட்டாவ. வீட்டுலதான் தெரியக் கூடாது. புருசன் ஊர்ல இல்லாதவளுக்கு இது எதுக்குன்னு கேப்பாவ."

"கிறுக்கு. அவன் லீவுல வருவாம்லா?"

"அது எனக்கும் ஒங்களுக்கும் தெரியும்" என்றாள்.

ஊரில் பாதி வீடுகளில் ஆண்கள் ராணுவத்திலும் போலீஸிலும் இருந்தார்கள். வருடத்தில் பத்து மாதம் தனியாக இருக்கிற பெண்களை எத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும் என்று அங்கேயே வேலை பார்த்த எனக்குத் தெரியாதா? தெரியும். "என் வாயிலேருந்து வராது தாயி, நீ போ" என்று சொல்லி அனுப்பினேன்.

2. முட்டை

ஆறு மாதம் ஓடியது. மாரிச்செல்விக்கு ஒரு தொந்தரவும் இல்லை. முதல் இரண்டு மாதம் தீட்டு கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அப்புறம் சரியாகிவிட்டது.

இதற்கிடையில் ரிவ்யூ மீட்டிங். மாதா மாதம் எங்கள் எல்லாரையும் பி.எச்.சி. ஹாலில் உட்கார வைத்து, யார் யார் எத்தனை கேஸ் என்று மெடிக்கல் ஆபீஸர் கேட்பார். புதிதாக வந்திருந்தவர், என் மகன் வயது, கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரைக் கேட்பார்கள், அவர் எங்களைக் கேட்பார். அன்றைக்கு என் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"என்ன சிஸ்டர், உங்க ஏரியால கல்யாணமே நடக்கறதில்லையா? காப்பர் டி கட்டத்துல மூணு மாசமா முட்டை போட்டுட்டு இருக்கீங்க. இவ்ளோ பேசறீங்க, ஒரு கேஸைப் பேசிக் கூட்டிட்டு வர முடியாதா?"

ஹாலில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது. இருபத்தைந்து வருட சர்வீஸ் அப்போது எனக்கு. ஒரு சின்னப் பையன் என் வாயைச் சொல்லிக் காட்டிவிட்டானே என்று வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டே போனேன்.

3. பவானி வீட்டில்

அந்த ரோஷத்தோடுதான் மறுநாள் பவானி வீட்டுக்குப் போனேன். பவானி தையல் மிஷின் வைத்திருந்த பெண். அடுத்தடுத்து இரண்டு பிள்ளை, மூன்றாவது இப்போது வேண்டாம், ஆனால் காப்பர் டி என்றால் பயம். நாலு தடவை பேசியும் அசையாதவள்.

"அது மேல ஏறி நெஞ்சுக்குப் போயிருமாம்லா சிஸ்டர்? எங்க சித்தி சொன்னாவ" என்றாள்.

இந்தப் புரளியை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். கர்ப்பப்பை ஒரு மூடிய பை, அதில் வைப்பது நெஞ்சுக்கு ஏற வழியே இல்லை என்று படம் போட்டுக் காட்டுவேன். அன்றைக்கும் காட்டினேன். அவள் மிஷினை மிதித்துக்கொண்டே தலையை ஆட்டினாள், நம்பவில்லை. ட்ரெய்னிங்கில் எங்களுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். படத்தை நம்பாதவளுக்கு ஆளைக் காட்டு, போட்டுக்கொண்டு நன்றாக இருப்பவளை விட்டுப் பேசச் சொல் என்று. அவளிடம் கேட்டுக்கொண்டு, அவள் சம்மதித்தால் மட்டும் என்றும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பாதி என் மண்டையில் ஏறவில்லை.

"ஏட்டி, நெஞ்சுல கோளாறு இருக்கவளே போட்டுட்டு ஆறு மாசமா நடமாடுதா. அவ நெஞ்சுக்கே ஏறல, ஒன் நெஞ்சுக்கா ஏறப் போவுது? மாரிச்செல்வியப் பாரு, எப்படி இருக்கா?"

மிஷின் நின்றது.

"எந்த மாரிச்செல்வி? மிலிட்டரிக்காரர் வீட்டு அக்காவா?"

அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சொன்னதைத் திரும்ப வாய்க்குள் போட முடியுமா? "இத வெளிய மூச்சு விடாத, என்ன?" என்றேன். "சே, நான் ஏன் சிஸ்டர் சொல்லுதேன்" என்றாள்.

அடுத்த வாரம் பவானி வந்து காப்பர் டி போட்டுக்கொண்டாள். அடுத்த மீட்டிங்கில் டாக்டர் என்னைப் பார்த்து "குட்" என்றார். எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பவானி வேண்டுமென்றே சொல்லியிருக்க மாட்டாள். பயத்தில் இருந்த தன் மாமியாரைச் சமாதானப்படுத்த, நான் அவளிடம் சொன்ன அதே வார்த்தையை அவள் மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். மாமியார் ரேஷன் கடை வரிசையில் சொன்னாள். அங்கிருந்து மாரிச்செல்வியின் மாமியார் காதுக்கு எட்ட ஒரு வாரம்கூட ஆகவில்லை.

4. எடுத்துருங்க

வைகாசிக் கடைசி. சப்-சென்டரில் நான் ரெஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். மாரிச்செல்வியின் மாமியார் வெள்ளத்தாய் முன்னால் வந்தாள், மாரிச்செல்வி பின்னால் வந்தாள். குழந்தை இல்லை. வெள்ளத்தாய் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"நர்ஸம்மா, எம் மவன் பனியில நிக்கான். ரெண்டு மாசமா போன் இல்ல, உசுரோட இருக்கானான்னு தெரியல. இவ வயித்துக்குள்ள இது எதுக்கு? ஊரு கேக்குது. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"இவளுக்கு இதயத்துல கோளாறு. இப்ப புள்ள நின்னா உசுருக்கு ஆபத்து. உங்க மவன் சம்மதத்தோடதான் போட்டுருக்கு."

"நெஞ்சு வலிக்கு மாத்திர குடுப்பாவ. வயித்துக்குள்ள செம்பையா வைப்பாவ? புருசன் வந்தா வெச்சுக்கிடட்டும், நான் தடுக்கல. வராதப்ப எதுக்கு? இன்னிக்கே எடுங்க. எடுத்துட்டுத்தான் இவ வீட்டுக்குள்ள காலு வைக்கணும்."

"உங்க மவன்கிட்டேருந்து போன் வரட்டும், அவரே சொல்லுவாரு. ஒரு வாரம் பொறுங்க."

"ஒரு வாரம் நான் தெருவுல தல காட்டணுமே நர்ஸம்மா" என்றாள். அப்போது அவளுக்குக் கண் கலங்கியது. கெட்ட மனுஷி என்று அவளைச் சொல்லிவிட்டால் எனக்கு லேசாகிவிடும். அவள் கெட்டவள் இல்லை. பயந்தவள்.

நான் மாரிச்செல்வியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நீதானே சொன்னாய் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

"என்ன ஏட்டி செய்ய? நீ சொல்லு" என்றேன்.

"எடுத்துருங்க சிஸ்டர்."

"யோசிச்சுச் சொல்லு."

"எடுத்துருங்க."

மூன்றாம் முறையும் கேட்டேன். அதையே சொன்னாள். போட்டுக்கொண்டவள் எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டும், அது விதி, நல்ல விதியும்கூட. எடுப்பதற்கு எனக்குப் பயிற்சி உண்டு. திரைக்குப் பின்னால் படுக்க வைத்து நூலைப் பிடித்து எடுத்தேன், இரண்டு நிமிஷம். வெள்ளத்தாய் திரைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். ரெஜிஸ்டரில் 'சுய விருப்பத்தின் பேரில் அகற்றப்பட்டது' என்று எழுதி, மாரிச்செல்வியிடம் கையெழுத்து வாங்கினேன்.

பிள்ளைகளே, இங்கேதான் கவனிக்க வேண்டும். விதியை நான் மீறவில்லை. ஆனால் அவளிடம் தனியாகப் பேசவில்லை. "உள்ளாற செக் பண்ணணும், நீங்க வெளிய இருங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் வெள்ளத்தாய் வாசலுக்குப் போயிருப்பாள். மூன்று மாத ஊசி பக்கத்து அலமாரியில் இருந்தது. கையில் போட்டால் யாருக்கும் தெரியாது, அடையாளம் இருக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர முடியாது என்று அவள் முன்பு சொன்னது வேறு. அன்றைக்கு ஒரே ஒரு ஊசி போட்டிருந்தால் சுடலைமணியின் லீவு முழுக்க அவள் தப்பியிருப்பாள். சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததற்குக் காரணமும் எனக்குத் தெரியும். பெயரைச் சொன்னது நான் என்று வெள்ளத்தாய் வாயிலிருந்து வருவதற்குள் அவர்கள் இரண்டு பேரும் என் சப்-சென்டரை விட்டுப் போய்விட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

5. திங்கக்கிழமை வா

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் எங்களையும் முறை போட்டு அங்கே முதலுதவி முகாமில் உட்கார வைப்பார்கள். அந்த வருடம் நல்ல சாரல். ஆடி பிறந்ததும் மெயினருவியில் கூட்டம் தாங்கவில்லை. தகரக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, கட்டுத்துணி, உப்புக் கரைசல் பாக்கெட், காய்ச்சல் மாத்திரை. அவ்வளவுதான் எங்கள் சரக்கு.

ஞாயிற்றுக்கிழமை. பெண்கள் குளிக்கிற பக்கத்திலிருந்து ஈரப்புடவையோடு மாரிச்செல்வி வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்தேவிட்டேன். அன்றைக்கு எடுத்ததற்குப் பிறகு இரண்டு முறை அவள் வீட்டு வாசல்வரை போய்விட்டு, உள்ளே போகத் தைரியம் இல்லாமல் திரும்பியிருந்தேன்.

"சிஸ்டர், அவுக லீவுல வந்துருக்காவ. அங்கன பழக்கடைகிட்ட புள்ளைய வெச்சிட்டு நிக்காவ" என்றாள். அவசர அவசரமாகப் பேசினாள். "எடுத்தது அவுகளுக்குத் தெரியாது. ஏன் எடுத்தன்னு கேட்டா அத்த சொன்னதச் சொல்லணும். அம்மாவும் மவனும் வெட்டிக்கிட்டு நிப்பாவ. இருக்கது ஒன்ற மாசம் லீவு. எப்படி சிஸ்டர் சொல்லுவேன்? மறுபடி போட்டுருவியளா? இல்ல, அந்த ஊசி?"

"ஏட்டி, எத்தன நாளாச்சு அவரு வந்து?"

"நாலு நாளு."

"சரி, இங்கன ஒண்ணும் இல்ல. நீ..."

அதற்குள் பாறையில் வழுக்கி விழுந்த ஒரு பெரியவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மண்டையில் ரத்தம். என்னைப் பிடித்து இழுத்தார்கள். நான் பஞ்சை எடுத்துக்கொண்டே, "திங்கக்கிழமை சப்-சென்டருக்கு வா, நான் இருப்பேன்" என்றேன்.

"வாரேன் சிஸ்டர்" என்றாள்.

நாலு நாள் என்றால், கரு தங்காமல் இருக்க ஐந்து நாளுக்குள் போடுகிற அவசர மாத்திரைக்கு இன்னும் நேரம் இருந்தது. எதிர்ச் சாரியில் மெடிக்கல் ஷாப். ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? பெரியவருக்குக் கட்டுப்போட்டு நிமிர்ந்தபோது அவள் இல்லை.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. நாத்தனார் வீட்டு விசேஷம் என்று எல்லாரும் சுந்தரபாண்டியபுரம் போயிருந்தார்களாம். செவ்வாய்க்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். வெள்ளத்தாய் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு போகவில்லை. அந்த மாதமே சுடலைமணிக்கு உடனே திரும்பி வரச்சொல்லி உத்தரவு வந்தது. பலூன் போட வைத்திருந்த தேதிக்கு முன்பே அவன் ரயில் ஏறிவிட்டான்.

6. நீங்களும் நானும்

அவளுக்கு நாள் தள்ளிப்போனதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. வீரகேரளம்புதூர்ப் பக்கம் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஏரியா நர்ஸ் ஒருத்தி ஐந்தாம் மாதத்தில் எனக்கு போன் செய்து, "உங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு இங்க இருக்கா, படியேற முடியல, பழைய ஃபைல் கேட்டா அழுதா" என்றாள். மறுநாள் காலையில் நான் போனேன். என்னைப் பார்த்ததும் மாரிச்செல்வி, "வாங்க சிஸ்டர்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர்கள் என்னைத் திட்டினார்கள். திட்டு வாங்கிக்கொண்டேன். மாத்திரை கொடுத்தார்கள், அட்மிஷன் போட்டார்கள், பலூன் வைக்கத் தேதியும் குறித்தார்கள். அவர்கள் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார்கள். தேதிக்கு முன்னாலேயே மூச்சு முட்டத் தொடங்கிவிட்டது. குறை மாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருந்து தேறி வந்தது. மாரிச்செல்வி பிரசவமான இரண்டாம் நாள் காலையில் போய்விட்டாள். இருபத்தைந்து வயது முடியவில்லை.

பிரசவத்தில் தாய் இறந்தால் எங்களை மீட்டிங்கில் உட்கார வைத்து விசாரிப்பார்கள். குடும்ப நலம் பற்றி ஆலோசனை கொடுத்தீர்களா என்றார்கள். கொடுத்தேன் என்றேன். முறை ஏற்றாரா என்றார்கள். ஏற்றார், சுய விருப்பத்தில் அகற்றினார் என்று ரெஜிஸ்டரைக் காட்டினேன். கையெழுத்து இருந்தது. சரி என்று அடுத்த கேஸுக்குப் போய்விட்டார்கள். பவானி பெயரும் அங்கே வரவில்லை, என் வாயும் அங்கே வரவில்லை. அன்றைக்கு நிறைய பேசியிருக்க வேண்டியவள், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை.

குழந்தையைத் தடுப்பூசிக்கு வெள்ளத்தாய்தான் தூக்கிக்கொண்டு வருவாள். மாதக்கணக்கில் நாங்கள் இரண்டு பேரும் ஊசித் தேதியைத் தவிர எதையும் பேசவில்லை. ஒரு புதன்கிழமை கூட்டமெல்லாம் போன பிறகு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஊரு வாய மூடணும்னு பாத்தேன் நர்ஸம்மா. இப்ப அந்த ஊரே 'பாவம் மாரிச்செல்வி, தங்கமான புள்ள'ன்னு பேசுது" என்றாள். பிறகு, "நீங்களும் நானும் சேந்து என்னத்தச் செஞ்சு வெச்சிருக்கோம்" என்றாள்.

ஆமாம் என்றேன். இரண்டு பேரும் அழுதோம்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒரு பெண்ணின் பெயரை இன்னொரு பெண்ணிடம் நான் எடுத்ததில்லை. எவள் வந்தாலும் முதலில் கூட வந்தவர்களை வாசலில் உட்கார வைப்பேன். எடுக்கச் சொல்லி வந்தவளிடம், இது போனால் வேறு என்ன என்று தனியாகக் கேட்காமல் கையுறை மாட்ட மாட்டேன். ரிப்போர்ட் கட்டத்தில் முட்டை விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட்டேன். உங்களையும் மீட்டிங்கில் திட்டுவார்கள். திட்டட்டும்.

7. சுடலைமணி கேட்டது

மகனுக்கு ஒன்பது மாதத் தடுப்பூசிக்கு சுடலைமணியே வந்தான், லீவில் இருந்தான். சாவுக்கு வந்தபோது அவனைக் கூட்டத்தில் தூரமாகப் பார்த்ததுதான். வரிசை முடியும்வரை ஓரமாக நின்றான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். அவ அத ஏன் எடுத்தா?"

நான் ஊசியைக் கீழே வைத்தேன்.

"எனக்கு ஆம்பளப் புள்ள வேணும்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல. அம்மாகிட்ட கேட்டா 'அவளாத்தான் எடுத்தா'ங்குதாவ. ரெஜிஸ்டர்லயும் அப்படித்தான் இருக்காம். நான் லீவுல வந்தப்ப ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பாத்து இருந்திருப்பேம்லா? ஏன் சிஸ்டர் சொல்லல?"

ரெஜிஸ்டரைக் காட்டி அவனையும் அனுப்பியிருக்கலாம். அதற்கு மேல் முடியவில்லை. பவானி வீட்டில் நான் சொன்னதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளத்தாய் வந்து நின்றது, எடுத்தது, போடாமல் விட்ட ஊசி, குற்றாலத்தில் அவள் ஈரத்தலையோடு வந்து கேட்டது, திங்கட்கிழமை வா என்று நான் சொன்னது. "உங்க அம்மாவும் நீங்களும் சண்ட போடக் கூடாதுன்னுதான் உங்ககிட்ட மறச்சா. அவ கடேசிவரைக்கும் தப்பிக்கத்தான் பாத்தா. பேரச் சொன்னது நான்" என்றேன்.

பிள்ளை அவன் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது.

"குத்தாலத்துல தலவலி மாத்திர வாங்கிட்டு வாரேன்னு போனா" என்றான். "இத்தன நேரமான்னு நான் வேற ஏசினேன்."

பிறகு சொன்னான். "இத்தன நாளும் அவமேல கோவமா இருந்தேன் சிஸ்டர். ஏங்கிட்ட சொல்லாம எடுத்துட்டு, இதுகளயும் விட்டுட்டுப் போயிட்டாளேன்னு. செத்தவமேல கோவம். வெளிய சொல்லவும் முடியல. இப்ப உங்கமேல வருது."

"வரட்டும் தம்பி" என்றேன்.

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டான். நான் ஊசி போட்டேன். நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து போய்விட்டான்.

அவன் லீவு முடிந்து போன பிறகு, காய்ச்சல் வந்த பிள்ளையைப் பார்க்க அந்த வீட்டுக்குப் போனேன். நடு வீட்டில் மாரிச்செல்வியின் போட்டோ மாட்டியிருந்தது. கல்யாணத்தில் எடுத்தது. அதற்கு முன் அந்தச் சுவரில் அதை நான் பார்த்ததில்லை.

"அவன்தான் மாட்டிட்டுப் போனான்" என்றாள் வெள்ளத்தாய். "இத்தன மாசமும் அவ போட்டோவ எடுக்கவே விடல. அன்னிக்கு ஊசி போட்டுட்டு வந்தவன், பெட்டியத் தொறந்து எடுத்து மடியில வெச்சிட்டு அழுதான் நர்ஸம்மா. அவ செத்ததுக்கு எம் மவன் அழுதது அன்னிக்குத்தான்."